என் கோப்பில் யாரும் கை வைத்ததில்லை

போன மாதம் லிட்டில் இந்தியாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு என் பழைய ஆபீஸ் பிள்ளைகள் என்னைக் கூட்டிப்போனார்கள். பிள்ளைகள் என்று நான்தான் சொல்கிறேன். எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. மீன் தலைக் கறி வருவதற்குள் வேலைப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. இப்போது கெர்னல், அதாவது கணினியை உள்ளிருந்து இயக்கும் அடிப்படை மென்பொருள், ஓடும்போதே கூட நின்று வேவு பார்க்கிற ஒரு கருவி வந்திருக்கிறதாம். பிராசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் இரண்டு கோர்கள் ஒரே நினைவக இடத்தை முறை தவறித் தொட்டால், எந்தக் கோப்பு, எந்த வரி என்று காட்டிக்கொடுத்துவிடுமாம். நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட காரியத்தை ஒரு கருவி செய்கிறது. சந்தோஷம்தான்.

"அப்பல்லாம் டூல் எதுக்கு? மேடம் இருந்தாங்கல்ல. மேடம் ஃபைல்ல கை வைக்க ஒருத்தருக்கும் கட்ஸ் கிடையாது லா!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, ஆபீஸ் மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு, புக்கிட் பாத்தோக் வரைக்கும் ரயிலில் அந்த ஒரு வாக்கியத்தையே அசைபோட்டுக்கொண்டு வந்தேன். அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான். எனக்குக் காது சுட்டது.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மார்சிலிங்கில் மூன்றறை வீடு, பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அப்பா, பாலிடெக்னிக், அப்புறம் யூனிவர்சிட்டி. வகுப்பில் நாலைந்து பெண்கள்தான் இருந்தோம், தமிழ்ப்பெண் நான் ஒருத்தி. அதனாலேயே எதிலும் தப்பு செய்யக்கூடாது என்று ஒரு வீம்பு வந்துவிட்டது. வீம்பு வேலைக்கு உதவும். அதை எங்கே நிறுத்துவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் சேர்ந்த கம்பெனி, கப்பல் பட்டறைகளுக்கு வாயு அளவிடும் பெட்டிகள் செய்துகொண்டிருந்தது. கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் ஆள் இறங்குவதற்கு முன் உள்ளே விஷவாயு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அளவைத் தொட்டியின் வாயருகே வைத்த பெட்டி பெரிய எண்ணாகக் காட்டும். உள்ளே இறங்குகிறவர்களில் பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். பெட்டிக்குள் ஓடும் கெர்னலில் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் பகுதிதான் என் வேலை. ஒரு கோர் அளவை எழுதும், இன்னொரு கோர் அதைப் படித்துத் திரைக்கு அனுப்பும். கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

என் மேலதிகாரி மிஸ்டர் கோ. ஒல்லியான மனிதர், சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பால், சர்க்கரை இல்லாத கோப்பியைப் பிளாஸ்டிக் பையில் வாங்கிவந்து மேசை இழுப்பறைக் கைப்பிடியில் தொங்கவிட்டு, மத்தியானம் வரை உறிஞ்சுவார். நாங்கள் எழுதும் புரோகிராமை அவர் திரையில் பார்த்து ஒப்புக்கொள்ள மாட்டார். சீட்டு போட வேண்டும்.

அந்த முறையைச் சொல்லிவிடுகிறேன், இப்போது யாரும் செய்வதில்லை. எழுதும் கோர் செய்கிற ஒவ்வொரு வேலையையும் ஒரு ரோஸ் சீட்டில் எழுதுவோம். படிக்கும் கோர் செய்வதை மஞ்சள் சீட்டில். எழுதுபவராக ஒருவர், படிப்பவராக ஒருவர் மேசையின் இரு பக்கம் உட்கார்ந்து சீட்டுகளை வரிசையாக வைக்க வேண்டும். மிஸ்டர் கோ நடுவில் உட்காருவார். அவர்தான் பிராசசர்.

"நான் பிராசசர். நான் சோம்பேறி. எது சுலபமோ அதை முதல்ல செய்வேன் லா," என்பார். அவர் பேசியது ஆங்கிலம், நான் தமிழில் தருகிறேன். சொல்லிவிட்டு எங்கள் சீட்டுகளை இடம் மாற்றுவார்.

இதைக் கேட்டுப் புதியவர்கள் விழிப்பார்கள். நாம் ஒன்று, இரண்டு என்று எழுதிக்கொடுத்தால் பிராசசரும் அப்படித்தானே செய்யும்? தனக்குத் தானே பார்க்கும்போது அப்படித்தான் தெரியும். வேகத்துக்காக அது உள்ளுக்குள் முன்பின் மாற்றிக்கொள்வது பக்கத்துக் கோருக்குத்தான் தெரியும். ஹாக்கர் சென்டர் சாப்பாட்டுக் கடையில் நம் எண் விளக்கில் மின்னுகிறது, ஓடிப்போய்ப் பார்த்தால் தட்டில் இன்னும் சாப்பாடு இல்லை. அந்த மாதிரி.

மாற்றக்கூடாது என்றால் அந்த இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஓர் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைக்கலாம். அதுதான் பேரியர். ஸ்கேலைத் தாண்டி எந்தச் சீட்டையும் அவர் நகர்த்த மாட்டார். ஆனால் ஒரு பக்கம் ஸ்கேல் வைத்தால் போதாது. எழுதுகிறவர் ஒழுங்காக எழுதி, படிக்கிறவர் தாறுமாறாகப் படித்தால் பலனில்லை. படிக்கிறவர் ஒழுங்காகப் படித்து, எழுதுகிறவர் தாறுமாறாக எழுதினாலும் பலனில்லை. ஆகவே ஒரு ஸ்கேல் வைத்த உடனே அவர் கேட்பார்: "இதோட ஜோடி எங்கே?" ஜோடி எந்தக் கோப்பில், எந்த இடத்தில் என்று பேரியருக்குப் பக்கத்திலேயே குறிப்பு எழுதாமல் எந்தப் புரோகிராமும் எங்கள் பிரிவிலிருந்து வெளியே போனதில்லை.

அளவை எழுதும் கோப்பை நான்தான் எழுதினேன். புது அளவை எழுது, பிறகு 'தயார்' என்று ஒரு கொடியை உயர்த்து. ரோஸ் சீட்டு இரண்டே இரண்டு. அப்போது நாங்கள் வைத்திருந்த பிராசசர் மரியாதையான ஜாதி. எழுதும் வேலைகள் இரண்டை அது முன்பின் மாற்றிக் காட்டாது. அதனால் மிஸ்டர் கோவும் என் சீட்டுகளை மாற்றவில்லை. ஸ்கேல் இல்லாமலே என் கோப்பு தேறிவிட்டது. பல வருஷம் ஒரு புகார்கூட இல்லாமல் ஓடியது. ஓடிய ஒவ்வொரு வருஷமும் எனக்கு ஒரு சுற்றுக் கர்வம் கூடியது. மிஸ்டர் கோ ஆலோசகராகி வேறு கட்டடத்துக்குப் போனதும், சீட்டு மேசையின் நடு நாற்காலிக்கு நான் வந்தேன்.

அப்புறம் பிராசசர் மாறியது. மின்சாரம் குறைவாகக் குடிக்கும் புதுப் பிராசசர், கைத்தொலைபேசியில் இருக்கிற ஜாதி. இது எழுதும் வரிசையையும் மாற்றும், படிக்கும் வரிசையையும் மாற்றும், கேள்வி கேட்க முடியாது. எல்லாக் கோப்புகளையும் மறுபடி சீட்டு போட்டுப் பார்க்க வேண்டும் என்று நானே உத்தரவு போட்டேன். என் கோப்பை மட்டும் விட்டுவிட்டேன். கொடியை அட்டாமிக்காகத்தானே வைத்திருக்கிறேன், அதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். உண்மையில் அப்படிக்கூட நினைக்கவில்லை. என் கோப்பில் பார்க்க ஏதாவது இருக்கும் என்றே தோன்றவில்லை.

படிக்கும் பக்கத்துக் கோப்பைப் புதுப் பிராசசருக்கு மாற்றும் வேலை வேல்முருகனுக்குப் போனது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும். சென்னையில் நல்ல அனுபவம். எங்களிடம் தகுதிகாண் காலத்தில் இருந்தார். வேலை உறுதியானால்தான் இங்கே தங்கி வேலை பார்க்க அவருக்குக் கொடுத்த பாஸ் நிலைக்கும், இல்லையென்றால் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். குடும்பம் அப்போதுதான் வந்திருந்தது. எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குப் பக்கத்தில்தான் வாடகைக்கு இருந்தார்கள். மகளைப் பாலர் பள்ளியில் சேர்த்திருந்தார். காலையில் பஸ் நிறுத்தத்தில் அந்தக் குழந்தை புதுச் சீருடையோடு எனக்குக் கையசைக்கும்.

சோதனைப் பெட்டியில் எப்போதாவது ஒருமுறை பழைய அளவு, புது நேரத்தோடு வந்தது. அடுத்த அளவு வரும்வரை சில நொடிகள் அந்தப் பொய் எண்ணே திரையில் நிற்கும். வேல்முருகன் என் மேசைக்கு வந்தார்.

"மேடம், என்ன நடக்குதுன்னு பாக்க பிரிண்ட் லைன் போட்டா ப்ராப்ளம் போயிடுது. எடுத்தா திரும்ப வருது."

பிரிண்ட் வரி போட்டால் நேரம் தள்ளிப்போகும், அந்த இடைவெளியில் எழுதும் வேலைகள் ஒழுங்காக முடிந்துவிடும். ஒழுங்குக் கோளாறின் அசல் அடையாளம் அது. அந்தத் துறையில் ஊறிப்போன எனக்கு அது உடனே உறைத்திருக்க வேண்டும்.

"அப்ப பேய்தான் பிடிச்சிருக்கு. சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழம் சுத்திட்டு வாங்க," என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

சில நாளில் கோளாறு மிகவும் குறைந்துவிட்டது. அவருடைய கோப்பில், கொடியைப் பார்ப்பதற்கும் அளவைப் படிப்பதற்கும் நடுவில் ஒரு பேரியர் வந்திருந்தது. ஜோடி எங்கே என்ற குறிப்பு இல்லை. குறிப்பில்லாத பேரியர் என் பார்வைக்கு வந்தால் கிழித்துத் தொங்கவிடுகிறவள் நான். அன்றைக்குக் கப்பல் பட்டறைக்குப் பெட்டி அனுப்பும் அவசரம். கோளாறு நின்றுவிட்டது என்று சொன்னார்கள், கையெழுத்துப் போட்டேன்.

பட்டறையில் சோதனை ஓட்டத்தின்போது, பாதுகாப்பு அதிகாரி தன் கை மீட்டரையும் கூடவே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பெட்டி பத்திரமான எண்ணைக் காட்டியது, கை மீட்டர் அலறியது. ஏணியில் கால் வைத்த ஆளை அவர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். யாரும் இறங்கவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்த இரண்டு வாக்கியத்தையும் நான் எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், அதில் ஆறுதல் வருவதில்லை.

டைரக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். என்னிடம் பதில் தயாராக இருந்தது. எழுதும் பக்கம் பல வருஷமாக ஓடுகிற புரோகிராம். மாறியது படிக்கும் பக்கம், அதை மாற்றியவர் வேல்முருகன். "ஹி இஸ் நாட் ரெடி," என்றேன். அப்படியானால் வேலையை உறுதி செய்ய வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது அந்தக் குழந்தையின் சீருடை ஒரு கணம் நினைவுக்கு வந்தது. லிஃப்ட் வந்தது, ஏறிவிட்டேன்.

விஷயம் பட்டறைவரை போய்விட்டதால் டைரக்டர் மிஸ்டர் கோவையும் வரவழைத்தார். அவர் கோப்பிப் பையோடு வந்து, பழைய மேசையைத் துடைத்து, "சீட்டு போடலாம்," என்றார். எங்கள் பிரிவு முழுவதும் சுவரோரம் நின்றது. டைரக்டரும் நின்றார். எழுதும் பக்கம் நான் உட்கார்ந்தேன், படிக்கும் பக்கம் வேல்முருகன்.

நான் இரண்டு ரோஸ் சீட்டை வைத்தேன். 'புது அளவை எழுது.' 'கொடியை உயர்த்து.' வேல்முருகன் இரண்டு மஞ்சள் சீட்டை வைத்தார். 'கொடியைப் பார்.' 'அளவைப் படி.' இரண்டுக்கும் நடுவில் ஸ்கேலை வைத்தார்.

மிஸ்டர் கோ அந்த ஸ்கேலைத் தொட்டுக் கேட்டார்: "இதோட ஜோடி எங்கே?"

மிஸ்டர் கோ என் பக்கம் திரும்பினார்.

"கொடி அட்டாமிக், மிஸ்டர் கோ," என்றேன்.

"அட்டாமிக்னா என்ன?"

"பாதி எழுதினதை யாரும் பாக்க முடியாது. பாத்தா முழுசாத்தான் பாப்பாங்க."

"சரி. கொடி முழுசா ஏறுது. எப்ப ஏறுது?"

அந்தக் கேள்வி முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அட்டாமிக் என்பது உடையாமல் இருப்பதற்கு உத்தரவாதம், வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது. முதல் வருஷம் வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற பாடம். மிஸ்டர் கோ ஒரே விரலால் என் இரண்டு சீட்டையும் இடம் மாற்றினார்.

"நான் சோம்பேறி. கொடி கைக்கிட்ட இருந்தது, அதை முதல்ல ஏத்திட்டேன் லா. அளவை அப்புறம் எழுதிக்கிறேன்." வேல்முருகனைப் பார்த்து, "இப்ப நீங்க படிங்க," என்றார்.

வேல்முருகன் தன் சீட்டுகளைத் திருப்பினார். கொடி ஏறியிருக்கிறது. அளவு, பழையது.

என் முகத்துக்கு இரத்தம் ஏறுவதை நானே உணர்ந்தேன். மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது. அப்போதும் என் மனம் ஒரு தப்புக் கணக்குப் போட்டது: வேல்முருகனுக்கும்தான் இது தெரியவில்லை, இருவருக்கும் பாதிப் பாதி. மிஸ்டர் கோவுக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"ஒரு பக்கம் மட்டும் ஸ்கேல் வச்சா பத்தாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று வேல்முருகனிடம் கேட்டார்.

"தெரியும், சார்."

"அப்ப ஏன் அந்தப் பக்கம் வைக்கல?"

என்னைக் காட்டிக்கொடுக்கிறோம் என்ற சங்கடம் வேல்முருகன் முகத்தில் தெரிந்தது.

"அது மேடம் ஃபைல், சார்."

எல்லோருக்கும் அது போதுமான காரணமாக இருந்தது. சுவரோரம் நின்ற ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. அதுதான் என்னை உடைத்தது. மிஸ்டர் கோ சீட்டுகளைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு எழுந்தார். என்னைத் திட்டவில்லை. "பிராசசர் மாறினப்ப நானும் வந்து பாத்திருக்கணும்," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

டைரக்டரிடம் அப்போதே போய், கோளாறு என் கோப்பில், வேல்முருகனைப் பற்றி நான் சொன்னது தப்பு, அவரை உறுதி செய்யுங்கள் என்று சொன்னேன். அவர் சரி என்றார். பாஸ் நிலைத்தது. அது ஒன்றுதான் இந்தக் கதையில் நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் கேன்டீனில் வேல்முருகன் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே வேல்முருகன். நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்றேன். மன்னிப்புக் கேட்க வந்தவள் பேசுகிற பேச்சா அது? எனக்கு அப்படித்தான் வந்தது.

"சொன்னேன் மேடம்," என்றார் மெதுவாக. "சேந்த மாசமே. ரைட் பண்ற ஃபைல்ல ஒரு பேரியர் வேணும்போல இருக்கு மேடம்னு உங்க டேபிளுக்கு வந்து கேட்டேன். ஓடிட்டிருக்கிறதைத் தொடாதீங்க, இது உங்க ஊரு காலேஜ் ப்ராஜெக்ட் இல்லன்னீங்க."

எனக்கு அது நினைவில்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன், இன்று வரை நினைவுக்கு வரவில்லை. ஆனால் அது என் பேச்சுதான், என் வாயில் வருகிற வார்த்தைகள்தான். என் கோப்பின் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். ஒரு மனிதரின் வாயை அடைத்தது மட்டும் ஞாபகத்தில் தங்கவில்லை என்றால், அப்படி எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கிறேனோ? உங்க ஊரு என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? என் அப்பா கப்பலேறி வந்ததும் அருப்புக்கோட்டையிலிருந்துதான். விருதுநகரிலிருந்து கூப்பிடு தூரம்.

"அதுக்கப்புறம் என் பக்கமாவது போட்டு வைப்போம்னு போட்டேன் மேடம். பாதி கொறையும்னு தெரியும். உங்க ஃபைல்ல நானா எப்படி..." என்று நிறுத்தினார். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. "ஏணியில கால் வச்ச ஆளு நம்மூருக்காரராம் மேடம். ரெண்டு நாளா எனக்கும் தூக்கம் இல்ல. நான் இன்னொரு தரம் சொல்லியிருக்கணும்."

"மன்னிச்சிடுங்க," என்றேன். அந்த ஆபீஸில் நான் அந்த வார்த்தையைத் தமிழில் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பதறிப்போய், "ஐயோ, என்ன மேடம் நீங்க," என்று எழுந்தே விட்டார்.

அன்று சாயங்காலம் அவரை என் மேசைக்கு அழைத்தேன். என் கோப்பைத் திறந்து, கர்சரை அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் வைத்து, எழுந்து என் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். பேரியரை அவரே போட வேண்டும், ஜோடிக் குறிப்பில் அவர் பெயர் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன் என்றுகூடச் சொல்லலாம்.

"உக்காருங்க. நீங்களே போடுங்க," என்றேன்.

வேல்முருகன் நாற்காலியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கோபம் இல்லை, குத்திக்காட்டும் எண்ணமும் இல்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றார்.

"பரவால்ல மேடம். நீங்களே போட்டுடுங்க. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்."

இன்னொரு தரம் சொன்னேன். இன்னொரு தரம் அதையே, அதே மரியாதையோடு சொன்னார். நானே உட்கார்ந்து தட்டினேன். ஒரே வரிதான். அதில் இரண்டு எழுத்துப்பிழை விட்டேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் அதைக்கூடச் சொல்லவில்லை.